கரிசல்ல காய்கறித் தோட்டம்: மண்ணை இளக்க எதை முதல்ல செய்யணும்? (மானூர், 5 சென்ட்)

மானூர்த்தோட்டம்

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலி மானூர் பக்கம் வீட்டை ஒட்டி 5 சென்ட் இடம், சுத்தக் கரிசல். மழை பெஞ்சா செருப்போட ரெண்டு கிலோ மண்ணு ஏறுது. சித்திரையில விரல் நுழையுற அளவுக்கு வெடிப்பு. கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகா, சீனியவரை (கொத்தவரை), கொஞ்சம் கீரை போடணும். ஐப்பசி மழைக்கு முன்னாடி பாத்தி தயாரா இருக்கணும்.

ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க. ரெண்டு லோடு மணல் அடி, குளத்துக் கரம்பை கொட்டு, ஜிப்சம் போடு, ரோட்டவேட்டரை நாலு தடவை விடு. இதுல எது முதல்ல? தண்ணி போர்தான், லேசா சவரு அடிக்கும்.

சுக்காம்பாறை

தம்பி, அந்த நாலுல மூணு உங்க மண்ணைக் கெடுக்கும். நாலாவதான ஜிப்சம் தேவையா இல்லையான்னு ஒரு கிண்ணம் மழைத்தண்ணி சொல்லிரும். எதையும் வாங்குறதுக்கு முன்னாடி கீழே உள்ளதைப் பாருங்க. செலவு வினிகர் ஒரு பாட்டில்தான்.

முதல்ல உதிர்வுச் சோதனை. நிழல்ல நல்லாக் காஞ்ச மண்ணுல பட்டாணி அளவு கட்டி மூணு நாலு எடுங்க. வெள்ளைக் கிண்ணத்துல மழைத்தண்ணியோ ஆர்.ஓ. தண்ணியோ ஊத்தி, கட்டியை மெதுவா வைங்க. கலக்கக் கூடாது, ஆட்டக் கூடாது. போர் தண்ணி வேண்டாம், அதுல உள்ள உப்பே முடிவை மாத்திரும். 10 நிமிஷம், 2 மணி நேரம், மறுநாள்னு மூணு தடவை பாருங்க. கட்டி பொடிப்பொடியா உதிர்ந்து விழுந்து, சுத்தித் தண்ணி தெளிவா இருந்தா அது மக்குச்சத்து இல்லாத குறை. கட்டியைச் சுத்திப் பால் மாதிரி கலங்கல் வட்டம் பரவினா சோடியம் கூடிருக்கு. அந்த ரெண்டாவது ஆளுக்குத்தான் ஜிப்சம்.

அடுத்து வினிகர். காஞ்ச மண்ணுல ரெண்டு சொட்டு விட்டா நுரைக்குதான்னு பாருங்க. நுரைச்சா மண்ணுல சுண்ணாம்பு இருக்குன்னு அர்த்தம். நம்ம பக்கத்துக் கரிசல்ல பெரும்பாலும் நுரைக்கும், தோண்டினா சுக்கான் கல்லும் வரும். அந்த மண்ணுக்குச் சுண்ணாம்புத்தூளோ அடுப்புச் சாம்பலோ ஒரு பிடி கூடப் போடாதீங்க, ஏற்கெனவே இருக்கிற காரத்தைக் கூட்டிரும்.

மூணாவது வடிகால். ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்துக்குக் குழி எடுத்துத் தண்ணி நிரப்புங்க. முழுசா வடிஞ்ச பிறகு திரும்ப நிரப்பி, இந்தத் தடவை ஒரு மணி நேரத்துல எவ்வளவு இறங்குதுன்னு குச்சியில குறிச்சு அளங்க. முதல் தடவை இறங்குறதைக் கணக்குல எடுக்காதீங்க, அது வெடிப்புக்குள்ள போற தண்ணி. மணிக்கு ஒரு இஞ்சுக்குக் கீழே இறங்கினா தரைமட்டத்துல நட்டுப் பிரயோஜனம் இல்லை.

பாட்டில் சோதனையும் செய்யலாம். மூணுல ஒரு பங்கு மண்ணு, முக்கால் பாட்டில் வரை தண்ணி, ஒரு சிட்டிகை சோப்புத்தூள், 5 நிமிஷம் குலுக்கல். ஒரு நிமிஷத்துல அடியில தங்குறது மணல், 2 மணி நேரத்துல தங்குறது வண்டல், மறுநாள் வரைக்கும் இறங்குறது களி. கரிசல் களி தண்ணி குடிச்சு ஊதும்கிறதால பாட்டில்ல நிஜத்தைவிடக் கூடுதலாத் தெரியும். அதைப் பாத்துப் பயந்துராதீங்க.

பச்சைப்பாத்தி

மணல் ஏன் கெடுக்கும்னு புரியலை அண்ணாச்சி. மாடித்தோட்டத்துக்கு மண், மணல், உரம்னு சம பங்கு கலக்கச் சொல்லுதாங்களே. ஆத்து மணல் கிடைக்காட்டி எம்-சாண்ட் இருக்கு.

சுக்காம்பாறை

தொட்டிக்கு சரி. தரைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க.

ஒரு சென்ட் 435 சதுர அடி சொச்சம். அரை அடி ஆழத்துக்கு 218 கன அடி மண்ணு, எடை ஏறக்குறைய 8 டன். அதுல பாதி களின்னு வைங்க. களியைக் கால்வாசியாக் குறைக்கணும்னா இன்னொரு 8 டன் மணல் வேணும். கிட்டத்தட்ட 2 யூனிட் (யூனிட்னா 100 கன அடி), அதுவும் ஒரு சென்டுக்கு. 5 சென்டுக்கு 10 யூனிட். டிப்பருக்கு 3 யூனிட்னு பிடிச்சாலும் மூணு நடைக்கு மேல. மண் மட்டம் வீட்டு வாசலைத் தாண்டி ஏறிரும்.

இதுல பாதியோ கால்வாசியோ போட்டா நிலைமை முன்னைவிட மோசம். மணல் துகளுக்கு நடுவுல உள்ள சந்து முழுக்கக் களி அடைச்சுக்கிடும். காத்து போக வழி கிடைக்காது, காஞ்சா செங்கல்தான். எம்-சாண்ட்ல பாறைத்தூள் வேற கலந்திருக்கும், அது சந்தை இன்னும் இறுக்கமா அடைக்கும். ஆத்து மணலைப் பத்திப் பேசவே வேண்டாம். தாமிரபரணியில மணல் அள்ள 2010-லயே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டது.

மண்ணுல உள்ள களியோட அளவை நாம மாத்த முடியாது. களித் துகள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பருக்கை பருக்கையா நிக்குறதைத்தான் மாத்த முடியும். அதுக்கு மக்கு, வேர், மண்புழு, சரியான நேரத்துல மம்பட்டி. அவ்வளவுதான்.

எட்டயபுரத்து மிளகா

கரிசலை இளக்கணும்னு எல்லாரும் மல்லுக்கட்டுதாங்க. கரிசல் தன்னைத் தானே இளக்கிக்கிடும், நாம குறுக்க போகாம இருந்தாப் போதும். நனைஞ்சு ஊதி, காஞ்சு சுருங்கி, மேல ரெண்டு மூணு இஞ்சு கடுகு கடுகா உதிரும். சித்திரையில புரட்டிப் போட்ட கட்டியைத் தட்டி உடைக்க வேண்டாம், அப்படியே கிடக்கட்டும். ஒரு கோடை மழை விழுந்து ரெண்டு வெயில் அடிச்சா மம்பட்டி மண்டையால தொட்டாலே உதிரும். உதிராத கட்டியைப் பச்சையா உடைக்கப் போனா உங்க கைதான் கொப்புளிக்கும்.

ரோட்டவேட்டர் வேண்டவே வேண்டாம். ஒரே ஆழத்துல கத்தி சுத்திச் சுத்தி அடியில வழுவழுன்னு ஒரு தட்டு உண்டாகும். மேல மாவு, கீழ சிமெண்டு. அந்த மாவு முதல் மழையில பாலா ஓடி மேல ஏடு கட்டும், கீரை விதை அந்த ஏட்டைத் தள்ளிட்டு வராது.

எப்ப கொத்தணும்னு கேட்டா இதுதான் அளவு. நாலு இஞ்சு ஆழத்துல ஒரு பிடி மண்ணெடுத்து உள்ளங்கையில உருட்டுங்க. பென்சிலைவிட மெலிசா, 3 மில்லி மீட்டர் கம்பியா உருண்டு வந்தா ஈரம் கூடுதல், கரையேறிருங்க. கம்பியாகுறதுக்கு முன்னாடியே விண்டு விண்டு போனா பதம். உருட்டவே முடியாம கல்லா இருந்தா லேசாத் தண்ணி காட்டி நாலஞ்சு நாள் விடுங்க. கரிசல்ல இந்தப் பதம் ரெண்டு மூணு நாள்தான் நிக்கும். அந்த நேரத்துல கல்யாண வீடு வந்தாலும் போகக்கூடாது.

பொருநைக்கரை

அண்ணாச்சி சொன்னதுல ஒரு திருத்தம். தானா உதிரும்கிறது காட்டுக் கரிசலுக்குப் பொருந்தும். வீட்டை ஒட்டுன இடத்துல கட்டட வேலைக்கு லாரி ஏறியிருக்கும், கலவை கொட்டியிருப்பாங்க, ரெண்டு வருஷம் ஆள் நடமாட்டம் இருந்திருக்கும். அப்படி அமுங்கின மண்ணுக்கு ஒரு தடவையாவது ஆழமா உடைப்புக் கொடுக்கணும். அதுக்கப்புறம் பாத்திக்குள்ள கால் வைக்காம இருந்தா அது தன்னைத் தானே பாத்துக்கிடும்.

இப்ப உரம். காய்கறிக்கு வழக்கமாச் சொல்ற தொழு உரம் ஹெக்டேருக்கு 25 டன், அதாவது சென்டுக்கு 100 கிலோ. அதைப் பரப்பினா கால் இஞ்சு கனம் கூட வராது. பயிருக்குச் சாப்பாடு, சரி. மண்ணோட கட்டமைப்பு மாற முதல் வருஷம் பாத்தி மேல ஒரு இஞ்சு வேணும். சென்ட் முழுக்கப் பரப்பினா 500 கிலோ ஆகும். நடைபாதைக்குப் போட வேண்டியதில்லைங்கிறதால 300 கிலோ, 350 கிலோவுல முடிஞ்சிரும். 5 சென்டுக்கு ஒண்ணரை டன் சொச்சம். அடுத்த வருஷத்துல இருந்து சென்டுக்கு 100, 150 கிலோ போதும், ஆனா வருஷா வருஷம் போடணும். நம்ம வெயிலுக்கு மக்கு சீக்கிரம் எரிஞ்சு போயிரும். ஒரு வருஷம் போட்டுட்டு விட்டா மூணாவது வருஷம் பழைய கதைதான்.

நம்ம பக்கம் கிடைக்கிறதுல எது எப்படின்னு சொல்லுதேன்.

மாட்டு எரு: நல்லா மக்கி, கையில எடுத்தா நாத்தம் இல்லாம உதிரணும். பச்சை எரு வேண்டாம், வெள்ளைப் புழுவும் (காண்டாமிருக வண்டுப் புழு) களை விதையும் கூடவே வரும்.

ஆட்டுப் புழுக்கை: கிடை போட்ட இடத்துல இருந்து சாக்குல வாங்கலாம். சென்டுக்கு 50 கிலோவுக்கு மேல வேண்டாம். புழுக்கை உருண்டையாவே மண்ணுல மாசக்கணக்குல கிடக்கும். தண்ணி தெளிச்சுக் குவிச்சு மூடி, ஒரு மாசம் விட்டுப் போடுங்க.

கோழி எரு: சூடும் உப்பும் கூடுதல். சவர்த்தண்ணி பாயுற இடத்துல தவிர்க்கிறது நல்லது.

தென்னை நார்க்கழிவு: தென்காசி, கடையம் பக்கம் மலை மாதிரி கிடக்கும். பச்சையாக் கொண்டாந்து கலந்தா அடுத்த பயிர் மஞ்சளடிச்சு நிக்கும். கரிமம் நூத்துக்கு மேல, தழைச்சத்து ஒண்ணுங்கிற கணக்குல இருக்கிறதால, அதை மக்க வைக்கிற நுண்ணுயிரி மண்ணுல உள்ள தழைச்சத்தை எல்லாம் இழுத்துக்கிடும். ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காப் போட்டு, ஈரம் காத்து, ரெண்டு மாசம் மக்க வைச்சுப் போடணும். வேளாண் பல்கலைக்கழகம் சொல்ற முறை இதுதான். உப்பங்கழியில ஊறப்போட்ட மட்டையோட கழிவா இருந்தா உப்பைப் பாத்து வாங்குங்க.

உமி: அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கத்து அரிசி ஆலையில கிடைக்கும். சென்டுக்கு 20 கிலோ, 30 கிலோ கலக்கலாம். சிலிக்கா கூடுதல்ங்கிறதால மெதுவாத்தான் மக்கும், அதுவரைக்கும் களிக்கு நடுவுல சந்து பிடிச்சு நிக்கும். கூடவே கொஞ்சம் கடலைப் பிண்ணாக்குத் தூள் போட்டாத்தான் தழைச்சத்துத் தட்டுப்பாடு வராது. வெள்ளைச் சாம்பலா எரிச்ச உமி கரிசலுக்கு வேண்டாம்.

உளுந்துப் பொட்டு, பாசிப்பயத்தங் கொடி, கடலைத் தொலி, வாழைச் சருகு: இதெல்லாம் மூடாக்குக்கு, அதாவது செடியைச் சுத்தி மண்ணை மூடிப் பரப்புறதுக்கு.

வயக்காட்டு வீடு

எங்க பக்கம் கரிசல் இல்லை, பேட்டை பக்கம் நெல்லு விளைஞ்ச வயலை பிளாட் போட்ட இடம். சாம்பல் நிறக் களி. மேல அரை அடி கொத்த வருது, அதுக்குக் கீழ கடப்பாரை டங்குன்னு நிக்குது. இதே முறைதானா?

சுக்காம்பாறை

வேற வேலை. வருஷக்கணக்கா சேத்துழவு செஞ்ச வயல்ல 15-20 செ.மீ. ஆழத்துல ஒரு கடினத் தட்டு இருக்கும். நெல்லுக்குத் தண்ணி நிக்கணும்னு வேணும்னே உண்டாக்குன தட்டு அது. இப்ப காய்கறி வேருக்கு அதே தட்டு எமன். மேல எத்தனை டன் உரம் போட்டாலும் மழைத்தண்ணி அந்தத் தட்டு மேல தேங்கி வேரை அழுக வைக்கும்.

நிலம் பெரிசுன்னா உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில நெடுக்க ஒரு தடவை, குறுக்க ஒரு தடவை விடுவாங்க. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை போதும். வீட்டுத் தோட்டத்துக்குள்ள டிராக்டர் நுழையாது. வைகாசியில, மண்ணு அடி வரைக்கும் நல்லாக் காஞ்ச பிறகு, ஒண்ணரை அடிக்கு ஒரு இடம்னு கடப்பாரையை ஒண்ணரை அடி ஆழம் இறக்கி, நெம்பி, தட்டை விரிசல் விட வையுங்க. மண்ணை மேல தூக்கிப் புரட்ட வேண்டாம். அடிமண்ணு மேல வந்தா ரெண்டு வருஷம் எதுவும் விளையாது. நெம்புன துளையில மக்குன எருவும் பொட்டும் சேத்துக் குத்தி அடைங்க.

ஈரத்துல இதைச் செஞ்சா தட்டு உடையாது, கடப்பாரை துளை வழவழன்னு பூசி நிக்கும். காய விட்டுத்தான் செய்யணும்.

பச்சைப்பாத்தி

கரம்பைக்கு ஏன் வேண்டாம்னு சொன்னீங்க? குளத்து வண்டலை விவசாயிக்கு அரசாங்கமே இலவசமா எடுக்க விடுது. ஊர் முழுக்க அடிக்காங்க.

எட்டயபுரத்து மிளகா

அடிக்கிறது செவக்காட்டுக்கு, சரளுக்கு, மணல்பாங்கான நிலத்துக்கு. தண்ணி நிக்காத மண்ணுல கரம்பை தங்கம். களிக்கு மேல களியைக் கொட்டி என்ன செய்யப் போறிய? ஓசியில கிடைக்குதுன்னு எல்லாத்தையும் அள்ளிட்டு வரக்கூடாது.

சுக்காம்பாறை

செம்மண் அடிக்கிறதுலயும் இதே மாதிரி ஒரு வம்பு இருக்கு. கரிசல் மேல அரை அடி செம்மண் பரப்பி அப்படியே நட்டுருவாங்க. ரெண்டு மண்ணும் சேருற இடத்துல தண்ணி நின்னு போகும், வேர் அந்தக் கோட்டைத் தாண்டாது. அடிக்கணும்னா முதல்ல கொஞ்சம் பரப்பிக் கீழ் மண்ணோட கொத்திக் கலந்து, அதுக்கு மேல மீதியைப் போடணும். நடுகுழி மட்டும் தோண்டி உரத்தை நிரப்பி நடுறதும் இந்தக் குத்தம்தான். சுத்திக் களி, நடுவுல இளகுன உரம். நாலாப் பக்கத்துத் தண்ணியும் அந்தக் குழிக்குள்ள வந்து தேங்கும். கத்தரிச் செடி ஒரே மழையில வாடித் தொங்குறதுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

மானூர்த்தோட்டம்

சோதனை செஞ்சு பாத்துட்டேன். கட்டி 10 நிமிஷத்துல உதிர்ந்துருச்சு, மறுநாள் வரை தண்ணி தெளிவாத்தான் இருக்கு. வினிகர் நல்லா நுரைக்குது. குழியில ரெண்டாம் தடவை மணிக்கு அரை இஞ்சு இறங்குது. ஜிப்சம் வேண்டாம்னு எடுத்துக்கலாமா?

சுக்காம்பாறை

வேண்டாம். உங்க மண்ணுல சுண்ணாம்புச் சத்து ஏற்கெனவே கொட்டிக் கிடக்கு, அதுக்கு மேல ஜிப்சம் கொட்டினா காசுதான் கரையும். ஆனா தண்ணி சவருன்னு சொன்னதால மண்ணையும் தண்ணியையும் ஒரு தடவை மண் பரிசோதனை நிலையத்துல கொடுத்துப் பாத்துருங்க. அஞ்சாறு இடத்துல 'வி' வடிவத்துல அரை அடி ஆழம் வெட்டி, குழியோட பக்கத்துல இருந்து சுரண்டி, எல்லாத்தையும் கலந்து, நாலாப் பிரிச்சு எதிரெதிர் ரெண்டைத் தள்ளி, அரைக் கிலோ வரைக்கும் குறைச்சு நிழல்ல உலர்த்திக் கொடுங்க. எருக்குழிக்கிட்ட, வரப்புல, மர நிழல்ல எடுக்காதீங்க.

பால் வட்டம் வர்ற மண்ணு உள்ளவங்களுக்கு: பரிசோதனைச் சீட்டுல ஜிப்சத் தேவைன்னு ஒரு கணக்கு வரும். ஏக்கருக்கு ஒரு டன்னு வந்தா சென்டுக்கு 10 கிலோ. பரப்பி, மேல நாலு இஞ்சுல கலந்து, நல்ல தண்ணியை ரெண்டு மூணு இஞ்சு நிறுத்தி, வடிச்சு விடணும். அந்த வடிப்புத் தண்ணி தோட்டத்தை விட்டு வெளியே போகணும். சோடியம் அதோட போனாத்தான் வேலை முடியும். வடிகால் இல்லாம ஜிப்சம் போடுறவங்கதான் 'போட்டேன், ஒண்ணும் நடக்கலை'ன்னு சொல்லுவாங்க.

பொருநைக்கரை

உங்க வடிகால் மணிக்கு அரை இஞ்சுங்கிறதால மேட்டுப்பாத்தி கட்டாயம் வேணும். பாத்தி நாலு அடி அகலம், ரெண்டு பக்கமும் நின்னு நடுவைத் தொடலாம். நடைச்சால் ஒண்ணரை அடி. சால்ல உள்ள மேல்மண்ணை வெட்டிப் பாத்தி மேல போட்டாலே அரை அடி உசந்துரும், உரமும் சேந்தா 8, 9 இஞ்சு. சால் எல்லாம் ஒரு பக்கமா, பத்தடிக்கு அரை இஞ்சு, முக்கால் இஞ்சு சரியணும். ஓரத்துல ஒரு அடி ஆழத்துல வெளிவாய்க்கால். கரிசலுக்கு ஐதராபாத் இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம் சொன்ன அகலப்பாத்தியும் இதே ஏற்பாடுதான்: ஒரு மீட்டர் பாத்தி, அரை மீட்டர் சால்.

சாலோட கடைசியில தண்ணி வெளியேற இடம் இருக்கான்னு இப்பவே பாத்துருங்க. 2023 டிசம்பர் மாதிரி மழை வந்தா எந்தப் பாத்தியும் தாங்காது, அது வேற. ஆனா சாதாரணக் கார்த்திகை அடைமழைக்கே பக்கத்து வீட்டுச் சுவர்ல முட்டி நிக்குற சால் நிறைய.

எட்டயபுரத்து மிளகா

அக்கா, 9 இஞ்சு மேடு மழைக்குச் சரி. ஆனி, ஆடிக் காத்துல அந்த மேடு ஓரத்துல இருந்து வெடிச்சு வேரை அறுத்துரும். நம்ம பக்கத்துக் காத்து சும்மா இல்லை.

பொருநைக்கரை

உண்மைதான் அண்ணாச்சி. அதுக்கு மேட்டைக் குறைக்க வேண்டாம், பாத்தியோட தலைப்பைத் தட்டையா வச்சு, ஓரத்துல ரெண்டு இஞ்சு விளிம்பு கட்டுங்க. தண்ணி விட்டா வழியாது. மழைக்காலத்துல அந்த விளிம்பை ஆங்காங்க வெட்டி விட்டுரலாம். மூடாக்கு மூணு, நாலு இஞ்சு. தைக்குப் பிறகு போடுங்க. அடைமழையில கனமாப் போட்டா நத்தையும் தண்டழுகலும்தான் மிஞ்சும். தண்டுல இருந்து மூணு இஞ்சு தள்ளித்தான் மூடாக்கு.

மழை இல்லாத மாசத்துல வெடிப்பு விழுந்துருச்சுன்னா, தண்ணி பாய்ச்சுறதுக்கு முன்னாடி களைக்கொத்தால மேல ஒரு இஞ்சு கொத்தி வெடிப்பை மூடணும். வெடிப்போட பாய்ச்சினா தண்ணி பூரா அடிக்குப் போயிரும், செடி பக்கத்துல நனையாது.

மானூர்த்தோட்டம்

சொட்டுநீர் போடலாம்னு இருக்கேன். எப்படி விடணும்?

சுக்காம்பாறை

களிமண்ணுக்குள்ள தண்ணி இறங்குற வேகம் மணிக்கு 1 முதல் 5 மில்லி மீட்டர்தான். அதனால மணிக்கு 4 லிட்டர் சொட்டி வேண்டாம், மேல குளம் கட்டும். 2 லிட்டர் சொட்டியை 2 அடி இடைவெளியில வைங்க. களியில தண்ணி பக்கவாட்டுல நல்லாப் பரவும், செடிக்கு ஒரு சொட்டின்னு வைக்கத் தேவையில்லை. தினமும் அரை மணி நேரம் விடுறதைவிட மூணு நாலு நாளுக்கு ஒரு தடவை நிறைய விடுறது நல்லது. விரலை ரெண்டு இஞ்சு இறக்கிப் பாருங்க. ஈரம் ஒட்டினா அன்னைக்கு வால்வைத் திறக்காதீங்க. மேல் மண்ணு வெளுத்துக் கிடக்கிறதைப் பாத்து ஏமாந்து தண்ணி விட்டே கரிசல்ல செடியைக் கொன்னவங்கதான் அதிகம்.

பச்சைப்பாத்தி

சுண்ணாம்பு மண்ணுல கொழுந்து வெளுக்கும்னு சொல்வாங்களே, அதுக்கு முன்கூட்டியே ஏதாச்சும் போடலாமா?

சுக்காம்பாறை

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னா இரும்புச்சத்துக் குறை. மண்ணுல இரும்பு இருக்கு, காரத்துல கரையாது. அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணுல கொட்டினா அதுவும் நாலு நாள்ல பூட்டிக்கிடும். லிட்டருக்கு அன்னபேதி 5 கிராம், எலுமிச்சை உப்பு 1 கிராம் கரைச்சுச் சாயங்காலம் இலையில தெளிங்க, பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவை. கரைசல் பழுப்பு நிறமா மாறிருச்சுன்னா கீழ ஊத்திருங்க, அது வேலைக்காகாது. தண்ணி தேங்குனாலும் இதே மஞ்சள் வரும். சால்ல தண்ணி நிக்குதான்னு பாக்காம அன்னபேதியைத் தூக்காதீங்க.

துத்தநாக சல்பேட் சென்டுக்கு 100 கிராம், அடியுரத்தோட. மணிச்சத்தும் இந்த மண்ணுல பூட்டிக்கிடும். சூப்பர் பாஸ்பேட்டை நேரா மண்ணுல போடாம மக்குன எருவோட கலந்து, ஈரமா மூடி, ஒரு மாசம் வச்சு, நடுற வரிசையில மட்டும் போடுங்க.

தக்காளியில அடிப்பக்கம் கறுத்து அழுகினா உடனே சுண்ணாம்புச் சத்து இல்லைன்னு எதையாச்சும் தெளிக்கக் கிளம்பாதீங்க. மண்ணுல சுண்ணாம்பு நிறையா இருக்கு. ஒரு வாரம் காயவிட்டு ஒரு நாள் முக்கினா செடியால அதைக் காய்க்குக் கொண்டு போக முடியாது.

எட்டயபுரத்து மிளகா

முதல் வருஷம் எதைப் போடணும்னு யாரும் சொல்லலை. மிளகா, வெண்டை, சீனியவரை, கொத்தமல்லி, கத்தரி கரிசல்ல கண்ணை மூடிக்கிட்டு வரும். தக்காளி மேடு நல்லா அமைஞ்சா வரும். முள்ளங்கி, கேரட்டுக்கு இப்போதைக்கு ஆசைப்படாதீங்க, ரெண்டு மூணு கவையாப் பிரிஞ்சு கோணிக்கிட்டு நிக்கும். கீரை விதைச்சா மேல மண்ணைப் போட்டு மூடாதீங்க, சலிச்ச எருவால மூடுங்க. ஏடு கட்டாது.

மானூர்த்தோட்டம்

பசுந்தாள் உரமா விதைச்சு மண்ணுல மடக்குற தக்கைப்பூண்டு பத்திப் பேச்சு வரலையே? சணப்பை நல்லதா, தக்கைப்பூண்டு நல்லதா, கொழிஞ்சியா?

பொருநைக்கரை

உங்களுக்குத் தக்கைப்பூண்டு. காரத்தையும் தண்ணி நிக்கிறதையும் தாங்கும், ஆணிவேர் இறங்கித் துளை போடும். அந்த வேர் மக்குன துளை வழியாத்தான் அடுத்த பயிர் வேர் இறங்கும். சணப்பை சீக்கிரம் வளரும், ஆனா தண்ணி நின்னாப் போச்சு. அது வடிகால் உள்ள மண்ணுக்கு. கொழிஞ்சி காஞ்ச நிலத்துல மெதுவா வரும், விதைத்தோல் கெட்டி. மணலோட சேத்து லேசா இடிச்சுப் போட்டாத்தான் முளைக்கும். ஒரு பருவத்துக்குள்ள வேலை முடிய வேண்டிய உங்களுக்கு அது தோதுப்படாது.

ஆடி பிறந்ததும் விதைங்க. சென்டுக்கு 200 கிராம், 5 சென்டுக்கு ஒரு கிலோ. அந்த மாசம் மழை நம்பிக்கை இல்லை, முளைக்கவும் பத்து நாளுக்கு ஒரு தடவையும் தண்ணி காட்டணும். 45 நாள்ல, பூ எடுக்குறதுக்கு முன்னாடி அறுத்துருங்க. பூத்துட்டா தண்டு நாராகி மக்க ரெண்டு மாசம் இழுக்கும். அரிவாளால அரை அடித் துண்டா நறுக்கி, ஒரு நாள் வாட விட்டு, பதம் பாத்துக் கொத்தி மேல நாலஞ்சு இஞ்சுல கலங்க. ஆழமாப் புதைச்சா களிக்குள்ள காத்தில்லாம ஊறி நாறும், மக்காது. எருவையும் அப்பவே போட்டுருங்க. ஆவணி நடுவுல மடக்கினா புரட்டாசி முதல் வாரத்துல மக்கியிருக்கும்.

மானூர்த்தோட்டம்

பாத்தி இப்பவே போட்டு அது மேல விதைக்கணுமா, மடக்கின பிறகு போடணுமா?

எட்டயபுரத்து மிளகா

இப்பவே பாத்தி போட்டு அது மேலேயே விதைங்க. தட்டையில விதைச்சு மடக்கி அப்புறம் பாத்தி போடப் போனா, புரட்டாசியில ஒரு மழை முந்திக்கிட்டு விழுந்தா போதும், பதம் தவறி ஐப்பசி வரைக்கும் மம்பட்டியைத் தொட முடியாது. சாலையும் வெளிவாய்க்காலையும் இந்த வாரமே வெட்டிருங்க.